"ரவர் வந்ததிலிருந்து தலையிடி": எச்சரிக்கை உடம்புக்குள் இறங்கும் விதம்

"ரவர் வந்ததிலிருந்து" என்று தொடங்கும் வசனங்களை ஸ்கந்தபுரத்தில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ரவர் வந்ததிலிருந்து தலையிடி. ரவர் வந்ததிலிருந்து பிள்ளைக்கு நித்திரை இல்லை. ரவர் வந்ததிலிருந்து தென்னையில் குரும்பட்டி கொட்டுது. ரவர் வந்ததிலிருந்து குருவியைக் காணேல்லை. உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகம் படிப்பிப்பவன் என்பதால், என்னைக் கண்டால் இதைக் கேட்காமல் விடுபவர்கள் குறைவு. "சேர், உது உண்மையோ? உங்களுக்குத் தெரியும்தானே."

ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. "உண்மைதான்" என்றால் நான் படிப்பிக்கும் பாடத்துக்கு எதிராகப் பேசியதாகும். "இல்லை, எல்லாம் உங்கள் கற்பனை" என்றால் அந்த மனுசியின் தலையிடியை இல்லை என்று சொன்னதாகும். தலையிடி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழும்பித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஒருவரிடம் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கடந்த இருபது வருடங்களாக லண்டனிலும் ஜேர்மனியிலும் நியூசிலாந்திலும் ஆய்வாளர்கள் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்துப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானது ஒன்று. கதிர்வீச்சு பற்றிய எச்சரிக்கை, கதிர்வீச்சே இல்லாத இடத்திலும் உடம்பில் வேலை செய்கிறது. போர் கண்ட எங்கள் சனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கம்பங்கள்

2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணம் மாநகர சபை எல்லைக்குள் 'ஸ்மார்ட் லாம்ப் போல்' என்ற பெயரில் கம்பங்கள் நடப்பட்டன. வீதி விளக்கையும் தொலைத்தொடர்பு அன்ரனாவையும் ஒன்றாகத் தாங்கும் கம்பங்கள். அவை 5ஜி கோபுரங்கள் என்ற செய்தி பரவியது. புற்றுநோய் வரும், கரு தங்காது, பறவைகள் செத்து விழும் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு போனது. மக்கள் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அப்போது முதல்வராக இருந்த இம்மானுவேல் ஆர்னோல்ட் இது 5ஜி அல்ல என்று மறுத்தார். மறுப்பை நம்பியவர்கள் குறைவு.

வணிகரீதியான 5ஜி சேவை அந்த நேரம் இலங்கையில் எங்குமே தொடங்கியிருக்கவில்லை. ஆனால் 5ஜியால் வரும் நோய்களின் பட்டியல் மட்டும் 4ஜியில் எங்கள் வைபருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2018 நவம்பர் 29 அன்று, ரஜினிகாந்த் நடித்த '2.0' திரைக்கு வந்திருந்தது. கைத்தொலைபேசி அலைகளால் பறவைகள் அழிவதைக் கண்டு மனமுடைந்து இறக்கும் பறவையியலாளர் பழிவாங்கத் திரும்பி வரும் கதை. இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறைப்பாடு செய்யும் அளவுக்குப் போனது. படத்தைப் பார்த்துத்தான் யாழ்ப்பாணத்தில் சனம் பயந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கம்பத்தைக் கண்டதும் நினைவுக்கு வருவதற்கு ஒரு படம் எல்லோர் தலையிலும் தயாராக இருந்தது.

பயந்தவர்களை அறிவில்லாதவர்கள் என்று எழுத எனக்கு மனம் வராது. அதே வருடம் ஏப்ரலில்தான் சுன்னாகம் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணத்ததைச் சனம் தன் மூக்கால் அறிந்தது. மூக்குச் சொன்னது சரியென்று நீதிமன்றத்தில் தீர இத்தனை வருடம் எடுத்தது. அதைப் பார்த்தவர்கள் கம்பத்தைப் பற்றிய மறுப்பை உடனே ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

அலையின் பலம் எவ்வளவு?

கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. 'கதிர்வீச்சு' என்ற சொல் ஹிரோஷிமாவையும் எக்ஸ்ரே அறையையும் நினைவூட்டுவதால் ஏற்படும் குழப்பம் பெரிது. சூரிய வெளிச்சமும் கதிர்வீச்சுத்தான், அடுப்பின் சூடும் கதிர்வீச்சுத்தான். ஒரு கதிர்வீச்சு உடம்பின் அணுக்களை உடைக்குமா என்பது அதன் அதிர்வெண்ணைப் பொறுத்தது. எக்ஸ்ரேயும் காமாக் கதிரும் உடைக்கும். தொலைபேசி அலையின் ஒரு துணிக்கை கொண்டிருக்கும் சக்தி, நாம் கண்ணால் காணும் வெளிச்சத்தின் ஒரு துணிக்கையில் உள்ளதை விட இரண்டரை இலட்சம் மடங்குக்கு மேல் குறைவு. வெளிச்சமே உடைக்காத ஒன்றை அது உடைக்க முடியாது.

அது செய்யக்கூடியது சூடாக்குவது. அதற்கு மிகக் கிட்ட நிற்க வேண்டும். கோபுரத்தில் ஏறி, வேலை செய்துகொண்டிருக்கும் அன்ரனாவின் முகத்துக்கு நேரே நின்றால் அளவு கூடும். கோபுரத்தடியில் மாட்டியிருக்கும் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை முதலில் அப்படி ஏறும் தொழிலாளிக்கானது. கீழே வேலிக்கு வெளியே மாடு மேய்க்கிறவரும் அதை வாசிக்கிறார் என்பதுதான் சிக்கல்.

தூரம் இரண்டு மடங்கானால் பலம் நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தகவலின்படி, பொதுமக்கள் நடமாடும் இடங்களில் கோபுரங்களிலிருந்து வரும் அலை, சர்வதேச வரம்பின் 0.002 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் இடையில் இருந்தது. அதே தகவலில் இன்னொன்றும் உண்டு. பண்பலை வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தும் அதிர்வெண்களை உடம்பு தொலைபேசி அலையை விட ஐந்து மடங்கு வரை கூடுதலாக உறிஞ்சும். ஏ9 வீதியால் போகும்போது கொக்காவில்லில் தெரியும் 174 மீற்றர் கோபுரம் 2011 முதல் நிற்கிறது. அதனால் தலையிடி என்று ஒருவர் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. கொக்காவில் கோபுரத்தைப் பற்றி யாரும் துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை.

கோபுரம் தூரமாக இருந்தால் கையிலிருக்கும் போன் கத்திப் பேச வேண்டும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் பலத்தைக் கூட்டுகிறது, அதுவும் காதோடு ஒட்டிக்கொண்டு. கோபுரம் வேண்டாம், போன் வேண்டும் என்பவர் உண்மையில் தனக்குக் கிடைக்கும் அலையைக் கூட்டிக்கொள்கிறார். அந்தக் கூடிய அளவும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்பது வேறு விடயம். உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024 செப்ரெம்பரில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது.

அணைத்து வைத்த அன்ரனா

அப்படியானால் தலையிடி எங்கிருந்து வருகிறது?

2006இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், கைத்தொலைபேசி அலையால் தங்களுக்குத் தலையிடி வருகிறது என்று உறுதியாகச் சொன்ன 60 பேரையும், அப்படி எதுவும் இல்லாத 60 பேரையும் அழைத்தார்கள். சில தடவை உண்மையான அலை, சில தடவை வெறும் நடிப்பு. எது எப்போது என்பது பங்குபற்றியவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தவருக்கும் தெரியாது. தலையிடி வந்தது. சிலருக்கு நிற்க முடியாத அளவுக்கு வந்தது. ஆனால் உண்மையான அலைக்கு வந்த அளவு பொய் அலைக்கும் வந்தது. இந்த வகைச் சோதனைகள் 2010 வரை 46 நடந்திருந்தன, 1175 பேர் பங்குபற்றியிருந்தார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்பதை உடம்பால் அறியக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று அவற்றிலிருந்து கிடைக்கவில்லை.

2013இல் வெளியான இன்னொரு ஆய்வு எச்சரிக்கையையே நேராகச் சோதித்தது. மைக்கேல் விட்ஹொஃப்ட், ஜேம்ஸ் றூபின் என்ற இருவர் செய்தது. 147 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வைஃபை உடம்புக்குக் கூடாது என்று சொல்லும் பிபிசி நிகழ்ச்சி ஒன்றைக் காட்டினார்கள். மற்றவர்களுக்கு இணையத் தரவுப் பாதுகாப்பு பற்றிய நிகழ்ச்சி. பிறகு எல்லோரையும் 15 நிமிடம் ஒரு புதுவகை வைஃபைக்கு முன்னால் இருத்தினார்கள். அப்படி ஒரு வைஃபை அங்கே இல்லை. ஆனாலும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஏதோ செய்கிறது என்றார்கள். பதற்றம், கவனச் சிதறல், கை கால் விரல்களில் விறைப்பு. தாங்க முடியாமல் இரண்டு பேர் இடையில் எழும்பிப் போனார்கள். எச்சரிக்கை நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில், இயல்பாகவே பதற்றம் கூடியவர்களுக்கு அறிகுறிகளும் கூடின. தங்கள் உடம்பு அலைக்கு ஒத்துவராத உடம்பு என்ற முடிவோடு வீட்டுக்குப் போனவர்களும் அவர்களே.

ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் 2017இல் 65 பேரோடு செய்த சோதனை இன்னும் நுட்பமானது. அங்கே தோலில் மெல்லிய மின் தொடுகை கொடுத்தார்கள். எச்சரிக்கைக் காட்சியைப் பார்த்தவர்கள், 'வைஃபை ஓடுகிறது' என்று சொல்லப்பட்ட நேரத்தில் அதே தொடுகையைக் கூடுதல் பலமாக உணர்ந்தார்கள். அதாவது பயம் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சிறிய உணர்வின் சத்தத்தைக் கூட்டிவிட்டது. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பியது போல.

இதற்கு மருத்துவத்தில் 'நொசீபோ' என்று பெயர். வெறும் சீனிக் குளிசை நோவைக் குறைப்பது பிளசீபோ. கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பு கெடுதலைக் கொண்டு வருவது நொசீபோ. ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் இது நடந்திருக்கிறது. 2009 கடைசியில் தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க்கில், கிரெய்காவன் என்ற குடியிருப்பில் புதிய இணையக் கோபுரத்தால் தோல் அரிப்பு, தலையிடி, நித்திரையின்மை என்று மக்கள் போராடினார்கள். கூட்டத்தில் முறைப்பாடுகள் அடுக்கப்பட்ட பிறகு நிறுவனத்தார் சொன்னார்கள்: கோபுரம் பல கிழமைகளாக அணைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கதையைச் சிரிப்பதற்காகச் சொல்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனம் அந்தக் கிழமைகளில் உண்மையாகவே நித்திரை கொள்ளவில்லை.

கவனம் என்று சொன்னால் பயம் குறையுமா?

இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. பொய்ச் செய்தி பரப்புபவர்களை விடுவோம். நல்ல எண்ணத்தோடு, பொறுப்போடு அரசாங்கமோ நிறுவனமோ 'முன்னெச்சரிக்கை' எடுத்தால் என்ன நடக்கும்? சனம் ஆறுதல் அடையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பீற்றர் வீடமன், ஹோல்கர் ஷூற்ஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு, தற்போதைய வரம்புகள் பாதுகாப்பானவை என்ற அடிப்படைத் தகவலை மட்டும் கொடுத்தார்கள். மற்றக் குழுக்களுக்கு அதே தகவலோடு ஒரு வரியைச் சேர்த்தார்கள்: ஆனாலும் முன்னெச்சரிக்கையாக வரம்பு குறைக்கப்படும், அல்லது பாடசாலை போன்ற இடங்களுக்கு அருகே கோபுரம் அமைப்பது தவிர்க்கப்படும் என்பது போல. சேர்த்த வரியை வாசித்தவர்கள் ஆறுதல் அடையவில்லை. ஆபத்து கூடுதலாக இருப்பதாக மதிப்பிட்டார்கள். பின்னர் சுவிற்சர்லாந்திலும், அதன்பின் பல நாடுகளிலும் செய்த சோதனைகளில் ஆபத்து மதிப்பீடு கூடும் போக்கே பெரும்பாலும் தெரிந்தது.

இது முட்டாள்தனம் அல்ல. நெருப்பில்லாமல் புகையாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆபத்து இல்லை என்றால் ஏன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்கிறாய்? தர்க்கப்படி பார்த்தால் கேட்பவன் சரி. சொல்பவன்தான் ஒரே மூச்சில் இரண்டு கதை சொல்கிறான்.

இந்தியா 2012 செப்ரெம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. பயமும் பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் 2017 ஏப்ரலில், புற்றுநோயாளி ஒருவர் தொடுத்த வழக்கில், குவாலியரில் இருந்த ஒரு கோபுரத்தை ஏழு நாளில் நிறுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருடம் '2.0' வந்தது. வரம்பு இறங்கியது, அச்சம் இறங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011 மே 31 அன்று வானொலி அலைகளை '2பி' பிரிவில், 'புற்றுநோயை ஏற்படுத்தக் கூடும்' என்ற பட்டியலில் சேர்த்ததும் இப்படித்தான். அந்தப் பிரிவின் பொருள், சான்று போதாது, தொடர்பு முற்றாக மறுக்கப்படவும் இல்லை என்பது. கற்றாழையின் முழு இலைச் சாறும் பின்னர் அதே பிரிவில் வைக்கப்பட்டது. செய்தித் தலைப்புகளில் 'கூடும்' என்ற சொல் சிறுத்து 'புற்றுநோய்' என்ற சொல் பெருத்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை ஆபத்து பற்றிய எண்ணத்தைக் கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அது அறிகுறியையும் கூட்டுமா என்பதில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஆளுக்கு ஆள் மாறுகிறது. பதற்றம் குறைந்தவர் எச்சரிக்கையை வாசித்துவிட்டு மறந்துபோகிறார். ஏற்கெனவே உடம்பு விழிப்பில் இருப்பவர் மறப்பதில்லை.

விழிப்பில் இருக்கும் உடம்புகள்

யாருடைய உடம்பு விழிப்பில் இருக்கிறது என்று வன்னியில் கேட்க வேண்டியதில்லை.

'வண்டு' சுத்துது என்றால் அடுத்தது ஷெல் வரும் என்று காது படித்த ஊர் இது. வேவு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடியவர்களின் நெஞ்சு, பதினைந்து வருடம் கழிந்தும் இரவில் ஒரு ஜெனரேற்றர் ஓடினால் படபடக்கிறது. மீளக்குடியமர வந்தபோது எங்களை வரவேற்றது மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. பலகை இருக்கும் பக்கம் கால் வைத்தவர் காலை இழந்தார், சிலர் உயிரையும் இழந்தார்கள். எச்சரிக்கைப் பலகையை நம்பித்தான் இங்கே பிள்ளைகள் வளர்ந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து என்பது எங்களுக்குக் கதை இல்லை, மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்தில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கோபுரத்தடியில் மஞ்சள் முக்கோணத்தை மாட்டிவிட்டு, அதைச் சனம் கொழும்பில் இருப்பவர் வாசிப்பது போல வாசிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 2009 ஜனவரியில் சுதந்திரபுரம், உடையார்கட்டு, வள்ளிபுனம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. துண்டுப்பிரசுரமும் போட்டார்கள். அந்த வலயத்துக்குள் ஷெல் விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் பதிந்திருக்கிறது. அங்கே இருந்தவர்களுக்கு அறிக்கை தேவையில்லை. அதன் பிறகு ஓர் அதிகாரி வந்து 'இது பாதுகாப்பானது' என்று சொல்லும்போது, கேட்பவரின் வயிறு ஏன் இறுகுகிறது என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. எச்சரிக்கை பயத்தைக் கூட்டும் என்றால், நம்பிக்கை இழந்த வாயிலிருந்து வரும் ஆறுதலும் பயத்தைக் கூட்டும்.

2011இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு, போருக்குப் பிந்திய யாழ்ப்பாண மாவட்டத்தில் 32.6 சதவீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகளும், 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும், 7 சதவீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு அறிகுறிகளும் இருந்ததாகக் கண்டது. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களுக்கு எல்லாமே கூட. அது யாழ்ப்பாணம். முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் வைத்தியரிடம் "மனம் சரியில்லை" என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், பெருமூச்சு, கைகால் விறைப்பு என்று சொல்வார்கள். வைஃபை சோதனையில் லண்டன்காரர் சொன்ன அதே பட்டியல்.

தையல் மெசினும் கடன் புத்தகமும்

எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டு பிள்ளைகளையும் தையல் தைத்து வளர்த்தவ. ரவர் வந்த வருடத்திலிருந்து பின்னேரத்தில் தலையிடி என்றா. கோபுரத்துக்குப் பக்கத்து யன்னலுக்குத் தகரம் அடித்தா. சில இரவுகள் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படுத்தா. அங்கே குறைகிறது என்றா.

ஒரு நாள் ஆறுதலாக இருந்து வருடங்களைக் கணக்குப் பார்த்தோம். ரவர் வந்தது எந்த வருடம்? வீட்டுத்திட்டத்துக்கு அத்திவாரம் போட்ட வருடம். வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் கிடைத்ததும் அந்த வருடம்தான். நுண்கடன்காரர் கிழமைக்கொருக்கால் படலையைத் தட்டத் தொடங்கியதும் அதற்கு அடுத்ததாக. மங்கல் வெளிச்சத்தில் இரவு பத்து மணி வரை ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. தங்கச்சி வீட்டில் மெசினும் இல்லை, கடன்காரனும் வரமாட்டான். "அப்ப ரவர் இல்லையெண்டுறீரோ?" என்று கேட்டா. ரவரோடு சேர்ந்து வந்த எல்லாவற்றையும் பார்ப்பம் அக்கா என்றேன். அக்கராயன் வைத்தியசாலைக்குப் போய்க் கண் பரிசோதித்தா, கண்ணாடி போட்டா. உளநலப் பிரிவில் கதைக்கவும் தொடங்கினா. தலையிடி பாதியாகக் குறைந்தது என்கிறா. மீதி இருக்கிறது. கணவர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காத வரை மீதி முழுதாகப் போகுமா என்று எனக்குத் தெரியாது.

ரவரைக் குற்றவாளியாக்குவதில் உள்ள பெரிய நட்டம் இதுதான். உண்மையான காரணம் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பிரஷர் பார்க்காமல் போகிறது, தலைக்குள் இருக்கும் ஷெல் துண்டு பற்றி வைத்தியரிடம் சொல்லாமல் போகிறது, கடன் பற்றி யாரிடமும் சொல்லாமல் போகிறது. இன்னொரு நட்டமும் உண்டு. 1990 அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. பாம்பு கடித்த இரவில் அதை அழைக்க சிக்னல் வேண்டும். கொரோனா காலத்தில் பிள்ளைகள் பாடத்துக்காகக் குளக்கட்டில் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்ததை நான் கண்டேன்.

நொசீபோவைப் பற்றித் தெரிந்துகொள்வதே ஓரளவு மருந்து என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. கொலஸ்திரோலுக்குக் கொடுக்கும் ஸ்ரற்றின் குளிசையைக் கால் நோவு காரணமாக நிறுத்திவிட்டவர்கள் எங்கள் கிளினிக்கிலும் நிறையப் பேர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அப்படிப்பட்ட 60 பேருக்குப் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு போத்தல் கொடுத்தார்கள். நான்கில் ஸ்ரற்றின், நான்கில் வெறும் குளிசை, நான்கு வெறும் போத்தல். தினமும் நோவுக்குப் புள்ளி போடச் சொன்னார்கள். 2020இல் வந்த முடிவு: குளிசை எடுக்காத மாதங்களில் சராசரி 8, வெறும் குளிசைக்கு 15.4, உண்மைக் குளிசைக்கு 16.3. நோவின் தொண்ணூறு சதவீதம் வெறும் குளிசைக்கும் வந்தது. தங்கள் கையால் போட்ட புள்ளிகளைப் பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் மருந்தைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். யாரும் அவர்களிடம் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லவில்லை.

இதை வீட்டில் வைஃபை ரவுட்டரோடு செய்து பார்க்கலாம். நோவு உள்ளவர் சம்மதிக்க வேண்டும், அதுதான் முதல் நிபந்தனை. அவரைப் பிடித்து மடக்குவதற்காகச் செய்தால் உறவு கெடும், நோவும் கூடும். ரவுட்டரின் விளக்குகளைத் துணியால் மூடி, வீட்டில் ஒருவர் இரவில் நாணயத்தைச் சுண்டிப் பூ விழுந்தால் போட்டுவிட, தலை விழுந்தால் அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இணையம் பார்க்கக் கூடாது, பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நோவு உள்ளவர் காலையில் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். மூன்று கிழமைக்குப் பிறகு இரண்டு கொப்பியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

கோபுரத்தை அப்படி அணைக்க முடியாது. ஆனால் கேட்கலாம். ஊரில் கோபுரம் வருவதற்கு முன் சனத்தைக் கூப்பிட்டுக் கதைத்தார்களா, காணிக்காரரைத் தவிர யாருக்காவது சொன்னார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஸ்கந்தபுரத்தில் பலருக்கு உள்ள கோபம் அலையை விட இதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதி, எங்கள் பாடசாலை வாசலில், வைத்தியசாலை வாசலில் அளந்து எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். 'பாதுகாப்பானது' என்ற சொல் வேண்டாம், எண் போதும், வரம்பு எவ்வளவு என்ற எண்ணும் பக்கத்தில் வேண்டும். அளப்பதை ஊர்க்காரர் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பலகையையும் மாற்றச் சொல்லலாம். என்னிடம் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: "இந்த ஏணியால் ஏறி அன்ரனாவுக்கு முன்னால் வேலை செய்பவர்களுக்கான அறிவித்தல் இது. ஏறுவதற்கு முன் மின்னை நிறுத்தவும். வேலிக்கு வெளியே நிற்பவர்களுக்கு இந்த அறிவித்தல் பொருந்தாது. இந்த இடத்தில் அளந்த அளவு, அளந்த திகதி, கேள்வி இருந்தால் அழைக்க வேண்டிய இலக்கம் கீழே." தமிழில், பெரிய எழுத்தில், அம்மம்மாமாரும் வாசிக்கக்கூடிய உயரத்தில்.